முட்டை வண்டியும் மலை ஜீப்பும்

பஸ்ஸில் ஏறியதும் எல்லாரும் காலி இருக்கையைத் தேடுவார்கள். நான் பின்சக்கரம் எந்த ஜன்னலுக்கு நேராக இருக்கிறது என்று பார்த்துக்கொண்டுதான் ஏறுவேன். அதற்குப் பின்னால் எத்தனை இருக்கை காலியாகக் கிடந்தாலும் போக மாட்டேன். நின்றுகொண்டே போனாலும் இரண்டு அச்சுக்கும் நடுவில்தான் நிற்பேன். என் தாய்மாமன் நாமக்கல்லில் லாரிகளுக்கு ஸ்பிரிங் பட்டை வேலை பார்த்தவர். நான் நர்ஸ் படித்துவிட்டுக் கொல்லிமலையில் பல வருஷம் வேலை பார்த்தேன். வண்டிக்கு அடியில் நடப்பதை மாமாவின் பட்டறையில் பார்த்தேன். வண்டிக்குள் படுத்திருக்கும் உடம்புக்கு என்ன நடக்கிறது என்பதை மலையில் பார்த்தேன். இந்த இரண்டையும் பக்கத்தில் இருந்து பார்க்கும் வாய்ப்பு அதிகம் பேருக்குக் கிடைப்பதில்லை. அதனால்தான் இதை எழுதத் தோன்றியது.

நாமக்கல் லாரிக்காரர்களின் ஊர். வெறும் சட்டமாக வரும் வண்டிக்கு பாடி கட்டுவது, பெயின்ட் அடிப்பது, டயருக்கு ரீட்ரேடிங், தார்ப்பாய் தைப்பது என்று ஒவ்வொன்றுக்கும் அங்கே தனிப் பட்டறை உண்டு. பட்டை வேலையும் அப்படி ஒரு தனி வேலை. பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டால் அம்மா என்னை மாமா வீட்டுக்கு அனுப்பிவிடுவாள். வீட்டுக்கு முன்னாலேயே பட்டறை. கரி உலை, சம்மட்டி, எண்ணெய்த் தொட்டி, சுவரோரம் சாய்த்து வைத்த பட்டைகள். எனக்கு அங்கே வேலை ஒன்றும் கிடையாது. ஆனால் போகச் சொல்லி யாரும் விரட்டியதும் இல்லை.

பல பட்டைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினால் ஒரு செட். மேலே இருப்பது மெயின் பட்டை. எல்லாவற்றிலும் நீளமான அதற்கு இரண்டு முனையையும் சுருட்டிக் கண் வைத்திருக்கும். கீழே போகப் போக நீளம் குறைந்துகொண்டே வரும். நடுவில் சென்டர் போல்ட்டை இறக்கி, யூ போல்ட் போட்டு அச்சோடு இறுக்குவார்கள். ஒரு கண் சட்டத்தோடு நிலையாக நிற்கும். இன்னொரு கண் ஷாக்கிளில் தொங்கும். பாரம் ஏறி வளைவு நிமிரும்போது பட்டையின் இரண்டு கண்ணுக்கும் இடையே தூரம் கூடும் அல்லவா, அதற்கு இடம் விடத்தான் ஷாக்கிள். இந்த ஷாக்கிள் பின்னுக்கு கிரீஸ் காட்டாமல் விட்டால் அது இறுகிக்கொள்ளும். அப்புறம் பட்டை நிமிர நினைத்தாலும் நிமிர முடியாது. இதை நான் சின்ன வயதில் வேடிக்கையாகக் கேட்டுக்கொண்டேன். அதன் அர்த்தம் மலைக்குப் போன பிறகுதான் உறைத்தது.

மெயின் பட்டை ஒடிந்து லாரி வந்தால் பக்கத்தில் போய் நின்றுகொள்வேன். சட்டத்தை ஜாக்கியில் தூக்கிக் கட்டை வைப்பார்கள். துருப்பிடித்த யூ போல்ட் நட்டுக்கு டீசலை ஊற்றி ஊறவிட்டு, ஸ்பேனருக்கு நீளக் குழாய் மாட்டி இரண்டு ஆள் தொங்குவார்கள். கழற்றிய பட்டையின் ஒடிந்த முகத்தை மாமா வெளிச்சத்துக்குத் திருப்பி எனக்குக் காட்டுவார். ஓர் ஓரம் கறுத்துத் துரு ஏறியிருக்கும். மிச்ச இடம் வெளுப்பாக, பொடிப்பொடியாக மினுங்கும். “கறுப்பா இருக்குது பாரு, அது மாசக்கணக்கா கீறல் விட்டுட்டு வந்த எடம். வெள்ளையா இருக்கறது நேத்து ராத்திரி ஒடிஞ்சது. கடைசிப் பள்ளத்து மேல பழியப் போட்டுட்டுப் போயிருவாங்க கண்ணு, ஆனா ஒடைச்சது அத்தன பள்ளமும் சேர்ந்து” என்பார். ஒடிந்த துண்டுகளை அரிவாள் அடிப்பவர்கள் எடைக்கு வாங்கிக்கொண்டு போவார்கள். எத்தனை வருஷம் வளைந்து நிமிர்ந்திருந்தாலும் அந்த எஃகின் குணம் போவதில்லை.

லாரி முதலாளிகள் அடிக்கடி கேட்பது ஒன்றுதான்: இன்னும் இரண்டு பட்டை சேர்த்துப் போடுங்கள். பாரம் கூடுதலாக ஏற்றலாம் என்ற கணக்கு. மாமா போட்டுக் கொடுப்பார், தொழில் அது. ஆனால் போடும்போது டிரைவர் பக்கம் திரும்பி, “பட்டை சேத்தா பாரம் தாங்கும், உங்க முதுகு தாங்காதுங்க. காலி வண்டிய பாத்து ஓட்டுங்க” என்று சொல்லாமல் விட்டதில்லை. லாரியின் பெரிய சிக்கலே இதுதான். பத்து டன் ஏறும்போது உடையாமல் நிற்கும் பட்டை, காலியாகத் திரும்பும்போது அசையாது. பள்ளத்தில் விழுந்தால் வண்டி அப்படியே தூக்கிப் போடும். லாரி, பஸ், டிராக்டர் என்று வருஷக்கணக்கில் ஓட்டியவர்களுக்கு இடுப்பு வலி அதிகம் என்பது மருத்துவ உலகம் நன்றாக அறிந்த விஷயம். ஒடிந்த பட்டையில் மாமா காட்டிய கறுப்பு ஓரம் இவர்கள் முதுகிலும் இருக்கிறது என்றுதான் நான் நினைத்துக்கொள்வேன்.

மாமா முகம் மலர்ந்து வேலை செய்தது முட்டை வண்டிகளுக்கு. நாமக்கல்லுக்கு லாரி ஒரு கண் என்றால் கோழிப்பண்ணை இன்னொரு கண். கேரளத்துக்கும் மற்ற ஊர்களுக்கும் இங்கிருந்து முட்டை போகிறது. 30 முட்டை பிடிக்கும் காகித அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டுவார்கள். அடி அட்டையில் ஒன்று உடைந்தாலும் அதன் ஈரத்தில் அட்டை நைந்து மேலே இருப்பதும் சரியும். முட்டை வண்டிக்காரர்களுக்கு ஒவ்வொரு நடைக்கும் உடைசல் எத்தனை என்று கணக்கு உண்டு. அந்தக் கணக்கோடு பட்டறைக்கு வருவார்கள். அவர்கள் மட்டும்தான் வண்டிக்கு அடியில் மாமாவோடு தாங்களும் குனிந்து பார்ப்பார்கள்.

மாமா செட்டை முழுக்கக் கழற்றி ஒவ்வொரு பட்டையையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் துருவை எடுப்பார். பட்டைக்கும் பட்டைக்கும் இடையே கறுப்பு கிராஃபைட் கிரீஸைத் தடவுவார். தேய்ந்த புஷ்ஷை மாற்றுவார். ஏற்றுகிற எடையைக் கேட்டு, அதற்கு மேல் இருக்கிற பட்டையைக் கழற்றி வைத்துவிடுவார். டயரில் காற்று எவ்வளவு வைக்க வேண்டும் என்றும் சொல்லி அனுப்புவார். கல்லோடு முதலில் மோதுவது டயர்தானே, முதல் ஸ்பிரிங் அதுதான்.

ஷாக்கப்சரைச் சோதிக்க அவரிடம் ஒரு வழி இருந்தது. மோசமான ரோட்டில் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வரச் சொல்லி, வந்ததும் நாலு ஷாக்கப்சரையும் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். சூடாக இருந்தால் வேலை செய்கிறது. சில்லென்று இருந்தால் செத்துப்போய்விட்டது. ஷாக்கப்சரின் குழாய்க்குள் எண்ணெய் இருக்கிறது. பட்டை ஆடும்போது பிஸ்டன் அந்த எண்ணெயைச் சின்னத் துளைகள் வழியாகத் தள்ளுகிறது. ஆட்டத்தின் சக்தி அங்கே சூடாக மாறி வெளியே போய்விடுகிறது. ஷாக்கப்சர் இல்லாவிட்டால் ஒரு பள்ளத்துக்கு வண்டி பல முறை ஆடிக்கொண்டே இருக்கும். அடுத்த பள்ளம் வந்து அந்த ஆட்டத்தோடு சேர்ந்துகொள்ளும். தொட்டுப் பார்க்கும் அந்தச் சோதனையை நான் பிற்பாடு மலையில் எத்தனையோ தடவை செய்திருக்கிறேன்.

கொல்லிமலைக்கு நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் வழியாகக் காரவள்ளி அடிவாரம். அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். சோளக்காடு ஏறி, செம்மேடு. நான் வேலைக்குப் போன காலத்தில் மலைமேல் தார் ரோடு கொஞ்சம்தான். அதைத் தாண்டி ஊர்களுக்குப் போவது கல்லும் மண்ணுமான வழி, மழைக்காலத்தில் வாய்க்கால். எங்களுக்கு ஒரு ஜீப் இருந்தது. தடுப்பூசிப் பெட்டி போனதும் அதில்தான், பிரசவ வலி கண்டவர்கள் வந்ததும் அதில்தான்.

ஜீப் வராத ஊர்களிலிருந்து மூங்கில் கழியில் தூளி கட்டி, ஆள் மாற்றி ஆள் தோள் கொடுத்துத் தூக்கி வருவார்கள். வந்து சேர நேரம் ஆகும். ஆனால் வந்தவர்களின் முகத்தைப் பார்த்தால் ஒன்று புரியும்: தூளியில் வந்தவர் ஜீப்பில் வந்தவரைவிடத் தெம்பாக இருப்பார். மூங்கில் வளைந்து கொடுக்கிறது, துணி தொங்குகிறது, சுமப்பவரின் முழங்கால் ஒவ்வொரு கல்லையும் பார்த்துப் பார்த்து வாங்கிக்கொள்கிறது. வயதான பெண்கள் சிலர் ஜீப்பைப் பார்த்ததும், “அதுல வேணாம் நர்ஸம்மா, என்னய தூக்கிட்டே போகச் சொல்லு” என்று கையைப் பிடித்துக்கொள்வார்கள். படிக்காதவர்களின் பயம் என்று மேலே இருந்தவர்கள் அதை ஒதுக்கினார்கள். அந்தப் பெண்கள் சொன்னதுதான் சரி.

ஒரு மழைக்கால இரவு. தலைப்பிரசவம், வலி கண்டு வெகுநேரம் ஆகியும் குழந்தை இறங்கவில்லை, நாமக்கல் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். ஜீப்பின் பின்பக்கத்தில் எதிரெதிரே இரண்டு பெஞ்சு. நடுவில் தரையில் மெத்தையைப் போட்டு அந்தப் பெண்ணைப் படுக்க வைத்தோம். அந்த இடம் பின் அச்சுக்கு நேர் மேலே. வண்டியிலேயே அதைவிட மோசமான இடம் கிடையாது, படுக்க இருந்ததும் அந்த இடம் ஒன்றுதான். மாமியார் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டு, “பல்லக் கடிச்சுக்க சாமி, எறங்கிட்டா தார் ரோடுதான்” என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

பிரசவ வலிக்கு நடுவே இடைவெளி உண்டு. ஒரு வலி வந்து போனதும் அடுத்த வலி வருவதற்குள் இரண்டு மூன்று நிமிஷம் உடம்பு தளர்ந்து மூச்சு வாங்கிக்கொள்ளும். பெண்கள் அந்த இடைவெளியை வைத்துத்தான் இரவு முழுக்கத் தாக்குப்பிடிக்கிறார்கள். அன்று அந்த இடைவெளி முழுவதையும் ரோடு பிடுங்கிக்கொண்டது. வலி இல்லாத நேரத்திலும் அவள் உடம்பை இறுக்கிக்கொண்டே இருந்தாள், அடுத்த குலுக்கல் எப்போது வரும் என்று தெரியாததால். இடுப்புக்கு அடியில் என் கையைக் கொடுத்திருந்தேன். ஒவ்வொரு கல்லுக்கும் அவளுடைய முழு எடையும் தூக்கி என் கையில் வந்து விழுந்தது.

அந்த வண்டியில் நர்ஸால் நர்ஸ் வேலையும் செய்ய முடியாது. ரத்த அழுத்தம் பார்க்கப் போனால் பாதரசம் குதிக்கும், ஸ்டெதஸ்கோப்பில் தகரம் அதிர்வதைத் தவிர ஒன்றும் கேட்காது. குழந்தையின் நெஞ்சுத் துடிப்பைக் கேட்க வயிற்றில் குழலை வைத்துக் காதைக் கொடுக்க வேண்டும். ஓடும் ஜீப்பில் அது நடக்காது. “அண்ணா, நிறுத்துங்க” என்று ஒவ்வொரு தடவையும் டிரைவரிடம் சொல்லி, இஞ்சினையும் அணைத்துவிட்டு, மழைச் சத்தத்துக்கு நடுவே துடிப்பை எண்ணினேன். கையில் போட்ட டிரிப்ஸ் ஊசி வளைவுகளில் இரண்டு தடவை விலகியது. ஆஸ்பத்திரியில் தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அது அங்கிருந்த டாக்டர்களின் கைங்கரியம். வழியில் அவள் பட்டதில் பாதி பட்டிருக்க வேண்டியதே இல்லை என்பது எனக்குத் தெரியும். ஏனென்றால் அந்த ஜீப்பின் பட்டைகள் வளையவே இல்லை. ஒவ்வொரு குலுக்கலிலும் அதை நான் உட்கார்ந்த இடத்திலேயே உணர்ந்தேன்.

அடுத்த தடவை ஊருக்கு இறங்கியபோது டிரைவர் அண்ணனிடம் சொல்லி ஜீப்பை மாமாவிடம் ஓட்டிவரச் செய்தேன். இதற்கெல்லாம் விண்ணப்பம், அனுமதி, ஏற்கப்பட்ட பட்டறை என்று ஒரு முறை உண்டு. அந்த முறைப்படி எழுதிப் போட்ட கடிதத்துக்குப் பதில் வந்தபாடில்லை. மாமா சாக்கை விரித்து அடியில் படுத்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு உள்ளேயிருந்தே, “எல்லாப் பட்டையும் துருப்புடிச்சு ஒண்ணாக் கட்டிப் போச்சு அம்மிணி. ஷாக்கிள் நாலும் இறுகிப் போச்சு. ஷாக்கப்சர்ல எண்ணெய் இல்ல. டயர்ல காத்து கல்லு மாதிரி வெச்சிருக்காங்க. இதுல ஸ்பிரிங்குன்னு எதுவும் வேலை செய்யல” என்றார்.

மாமா சொன்னதன் முழுப் பொருளை நான் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். பாரத்தில் ஸ்பிரிங் எவ்வளவு அமுங்கி நிற்கிறது என்று தெரிந்தால், அந்த வண்டி நொடிக்கு எத்தனை முறை மேலும் கீழும் ஆடும் என்று கணக்கிட்டுவிடலாம். 25 சென்டிமீட்டர் அமுங்கினால் நொடிக்கு ஒரு முறை. 6 சென்டிமீட்டர் மட்டும் அமுங்கினால் நொடிக்கு இரண்டு முறை. நடக்கும்போது நாம் நொடிக்கு ஏறத்தாழ இரண்டு அடி வைக்கிறோம். ஆகவே அதையொட்டிய, அதற்குக் கொஞ்சம் குறைந்த ஆட்டம் உடம்புக்குப் பழகிப்போன ஒன்று. கார்களை நொடிக்கு ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் இடையே ஆடும்படி அமைப்பது இதனால்தான். உட்கார்ந்திருக்கும் மனித உடம்புக்கு ஆகவே ஆகாதது நொடிக்கு 4 முதல் 8 முறை வரும் மேல்கீழ் அதிர்வு. வயிற்றுறுப்புகளும் முதுகுத்தண்டும் அந்த வேகத்தில் தாமும் சேர்ந்து ஆடி, வந்த அதிர்வைப் பெரிதாக்கிக்கொள்கின்றன. மனிதர் மீதான அதிர்வை அளக்கும் ஐ.எஸ்.ஓ. 2631 என்ற உலகத் தரவிதி, இந்த வேகத்தை ஒட்டிய அதிர்வுக்குத்தான் அதிக மதிப்புக் கொடுத்துக் கணக்கிடுகிறது. பட்டைகள் துருவில் கட்டிக்கொண்ட வண்டிக்கு மிஞ்சி இருக்கும் ஸ்பிரிங் டயர் மட்டுமே. டயர் கொஞ்சம்தான் அமுங்கும். அதனால் வண்டியின் ஆட்டம் வேகம் கூடி, உடம்பு தாங்காத அந்த எல்லையை நோக்கிப் போகிறது. வண்டி பழசாகிவிட்டது என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தோமே, நடந்தது இதுதான்.

மாமா முட்டை வண்டிக்குச் செய்யும் வேலை அத்தனையும் அந்த ஜீப்புக்குச் செய்தார். பட்டைகளைப் பிரித்துத் தேய்த்து கிராஃபைட் கிரீஸ் தடவி, ஷாக்கிள் பின், புஷ், ஷாக்கப்சர் எல்லாம் புதிதாகப் போட்டார். பட்டைகளின் எண்ணிக்கையை மட்டும் குறைக்கவில்லை. மலையில் பாரத்தோடு வளைவு எடுக்கும் வண்டியில் அது ஆபத்து என்று சொல்லிவிட்டார். திரும்ப மலையேறும்போது டிரைவர் அண்ணன் ஒரு வளைவில் வண்டியை ஓரமாக நிறுத்தி, “சிஸ்டர், இது நம்ம வண்டிதானா?” என்று கேட்டார். பிறகு அவரே ஒரு காரியம் செய்தார். நோயாளியை ஏற்றப் போகும் நாட்களில் பின் பெஞ்சுகளுக்கு அடியில் மணல் மூட்டைகளைப் போட்டுக் கட்டிக்கொண்டார். எடை கூடினால் பட்டை கூடுதலாக அமுங்கும், ஆட்டம் மெதுவாகும். கணக்குப் படிக்காமல் அவர் கையால் கண்டுபிடித்த கணக்கு அது. தார் இல்லாத வழிக்கு டயரில் காற்றையும் கொஞ்சம் குறைத்துக்கொள்வார். சோளக்காடு திரும்பியதும் அடித்துக்கொள்வார்.

இரண்டு அச்சுக்கும் இடையே இரண்டு மீட்டர் சொச்சமே உள்ள ஜீப் முன்னும் பின்னும் தூக்கித் தூக்கிப் போடுவதை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. முன்சக்கரம் மேட்டில் ஏறி இறங்கும்போது பின்சக்கரம் ஏறுகிறது. 1930-களில் அமெரிக்காவில் கேடிலாக் நிறுவனத்தில் மாரிஸ் ஆலி என்ற பொறியாளர், இடம் மாற்றி வைக்கக்கூடிய எடைகளைத் தொங்கவிட்ட ஒரு சோதனைக் காரை ஓட்டி ஓட்டி இதற்கு வழி கண்டார். முன் ஸ்பிரிங்கைப் பின் ஸ்பிரிங்கைவிட இளக்கமாக வைத்தால், தாமதமாக ஆடத் தொடங்கும் பின்பக்கம் வேகமாக ஆடி முன்பக்கத்தைப் பிடித்துவிடும். தலையாட்டம் சீக்கிரம் அடங்கி வண்டி மட்டமாக ஏறி இறங்கும். ஜீப்பில் கிடைக்காத அந்தச் சுகத்துக்கு இந்தியச் சாலைகளில் அம்பாசடர் காரின் பின் இருக்கை பெயர் பெற்றிருந்தது. முன்னால் முறுக்குக் கம்பி, பின்னால் பட்டை, நீளமான கனத்த உடம்பு. நாமக்கல் பக்கத்தில் மாசமான பெண்ணை ஊருக்கு அழைத்துப் போக, வாடகை கூட ஆனாலும் அம்பாசடர்தான் வேண்டும் என்று சொல்லிப் பிடிப்பார்கள். 2014-ல் அதன் உற்பத்தி நின்றுபோனது.

ஒரு விஷயம் அப்போதிருந்து என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. பட்டறையில் முட்டைக்குக் கிடைத்த கவனம் மலையில் அந்தப் பெண்ணுக்குக் கிடைக்கவில்லை. முட்டைக்குச் சொந்தக்காரர் இருந்தார், உடைசலுக்குக் கணக்கு இருந்தது, கணக்கு கூடினால் பட்டறைக்கு வந்து குனிந்து பார்த்தார். ஜீப்பில் வந்த பெண் பட்ட வேதனை எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. போய்ச் சேர்ந்த நேரம், கிலோமீட்டர், டீசல் மட்டும் ஏறின. பிரான்ஸில் சிட்ரோயன் நிறுவனத்தின் பியர் பூலாஞ்சே, விவசாயிகளுக்காக ஒரு கார் செய்யச் சொன்னபோது, ஒரு கூடை முட்டையை வைத்து உழுத வயலில் ஓட்டினால் ஒன்றும் உடையக் கூடாது என்று கேட்டார். 1948-ல் பாரிஸ் கண்காட்சிக்கு வந்த 2சிவி அந்தக் கேள்விக்குப் பதிலாக உருவான கார். முன்சக்கரத்தையும் பின்சக்கரத்தையும் இணைத்த நீண்ட மெத்தென்ற ஸ்பிரிங்குகள் அதற்கு. விலை மலிவான, சின்ன இஞ்சின் வைத்த கார் அது. நல்ல ஸ்பிரிங் பணக்காரர் வண்டிக்குத்தான் வைக்க முடியும் என்ற பேச்சு அன்றைக்கே பொய்யாகிவிட்டது.

நம் ஊரில் வெகுகாலம் பஸ் என்பது லாரிச் சட்டத்தின் மேல் கட்டிய கூண்டாகத்தான் இருந்தது. சரக்குக்குப் போட்ட பட்டையின் மேல் மனிதர்கள் உட்கார்ந்தார்கள். பின் அச்சுக்கு அப்பால் நீண்டிருக்கும் பகுதி, வண்டி தலையாட்டும்போது நெம்புகோலின் முனையாக மாறி, கடைசி இருக்கைக்காரரைக் கூரைவரை தூக்குகிறது. வேகத்தடையில் இதைப் பார்க்கலாம். இந்திய சாலைக் காங்கிரஸின் 1988 விதிப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமுமாகச் சரிந்து ஏறிச் சரிந்து இறங்க வேண்டும், 25 கிலோமீட்டர் வேகத்தில் உறுத்தாமல் தாண்டும்படி. ஊருக்குள் ஆளாளுக்குப் போடும் மேடுகளோ ஒரு முழ அகலத்தில் செங்குத்தாக நிற்கின்றன. அதைப் போட்டவர்கள் ஆம்புலன்ஸையும் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

பாரம் தாங்கும் பட்டை காலி வண்டியில் அசையாத சிக்கலுக்கு நல்ல மாற்று காற்று ஸ்பிரிங். பாரம் ஏற ஏற வால்வு தானே காற்றைக் கூட்டுகிறது, இறங்க இறங்கக் குறைக்கிறது. அதனால் வண்டி காலியாக இருந்தாலும் நிறைந்திருந்தாலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி மெதுவாக ஆடுகிறது. 2001-ல் வால்வோ பஸ்கள் வந்தபோது நெடுந்தூரப் பயணிகள் பலர் அதை உணர்ந்தார்கள். சென்னையில் 2024-ல் விட்ட தாழ்தளப் பேருந்துகளும் காற்று ஸ்பிரிங்கில்தான் ஓடுகின்றன. 2008-ல் 108 ஆம்புலன்ஸ் வந்த பிறகு மலையில் எத்தனையோ உயிர் பிழைத்திருக்கிறது, அதை நான் கண்ணால் பார்த்தேன். ரோடும் எவ்வளவோ மேம்பட்டுவிட்டது. ஆனால் நல்ல ஸ்பிரிங் முதலில் போய்ச் சேர்வது நல்ல ரோட்டுக்குத்தான். கல் ரோட்டில் இன்றும் ஓடுவது பட்டை வண்டி. பட்டை வண்டியைக் குறை சொல்ல மாட்டேன், என் மாமாவின் சோறு அது. கிரீஸும் புஷ்ஷும் ஷாக்கப்சரும் நேரத்துக்கு மாற்றினால் அதுவும் மனிதரை மனிதராக ஏற்றிக்கொண்டு போகும். செலவும் பெரிதில்லை.

மாசமான பெண்ணையோ, எலும்பு முறிந்தவரையோ, ஆபரேஷன் ஆனவரையோ பஸ்ஸில் கூட்டிப் போகிறவர்கள் இரண்டு அச்சுக்கும் நடுவில் உள்ள இருக்கையைக் கேட்டு வாங்குங்கள். உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து கொடுங்கள். வாடகை வண்டி பிடித்தால் டயரில் காற்று எவ்வளவு என்று கேளுங்கள், மெதுவாகப் போகச் சொல்ல வெட்கப்படாதீர்கள். மலை ஊர்களுக்கு ஆம்புலன்ஸ் வாங்கக் கையெழுத்துப் போடுகிற அதிகாரிகளிடம் நான் கேட்பது ஒன்றுதான். வாங்குவதற்கு முன்னால் அந்த வண்டியின் ஸ்ட்ரெச்சரில் நீங்களே படுத்துக்கொண்டு, காரவள்ளியிலிருந்து சோளக்காடு ஏறி, அங்கிருந்து தார் போடாத ஓர் ஊர்வரை போய்விட்டு வாருங்கள். அதன் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.